குதிரைகள் போட்ட பாதை

டெர்பிஷர் மலைகளில் கல் இரண்டு வகை. வடக்கே கறுத்த, சொரசொரப்பான கிரிட்ஸ்டோன் என்னும் மணற்கல். தெற்கே வெளிறிய சுண்ணாம்புக்கல். முன்னது அடைமழையில் நனைந்தாலும் டயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பின்னது நனைந்துவிட்டால் பாசி பிடித்த கிணற்றுப்படிதான். ஷெஃபீல்டில் வேலை கிடைத்துப் போய்ச் சேர்ந்த புதிதில், மலைச் சைக்கிளோடு பீக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் திரும்பிய எனக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். சைக்கிள்களுக்கு சஸ்பென்ஷன் வருவதற்கு முன்பிருந்தே அந்த மலைகளில் ஓட்டியவர். "தம்பி, முதல்ல கல்லைப் படியும். மற்றதெல்லாம் தன்பாட்டில வரும்" என்பார்.

கல்லைப் படிப்பது எப்படி என்று விளங்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. கிரிட்ஸ்டோன் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தால் உள்ளே குவார்ட்ஸ் மணிகள் மின்னும். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, வடக்கிலிருந்து பாய்ந்த பெரிய ஆறுகள் கழிமுகத்தில் கொண்டுவந்து கொட்டிய பருமணல் அது. அந்த மணிகள்தான் ரப்பரைக் கடித்துப் பிடிக்கின்றன. இந்தச் சொரசொரப்புக்காகவே முன்பெல்லாம் அந்தக் கல்லில் மாவரைக்கும் எந்திரக்கல் கொத்தினார்கள். ஸ்டானெஜ் போன்ற பாறை விளிம்புகளின் அடியில், கொத்தி முடித்தும் விலைபோகாமல் விட்டுப்போன வட்டக் கற்கள் இன்றும் பெரணிப் புதருக்குள் கிடக்கின்றன. 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக பீக் டிஸ்ட்ரிக்டை அறிவித்தார்கள். அதன் சின்னமும் இந்த எந்திரக்கல்தான். சுண்ணாம்புக்கல்லின் கதை வேறு. ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் சிப்பிகளும் கடலுயிர்களும் படிந்து இறுகிய கல் அது. மணி மணியாக இல்லாமல் மாவாக இழைந்திருக்கும். கால்கள் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிடும்.

எங்களுக்கு வழிகாட்டி, ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல் 1 வரைபடம். விரித்தால் சாப்பாட்டு மேசை போதாது. சனிக்கிழமை இரவுகளில் அண்ணன் வீட்டில் அதை விரித்து வைத்துக்கொண்டு விரலால் ஓட்டிப் பார்ப்போம். அதில் பச்சைக் கோடுகள் இருவகை. குட்டைக் குட்டையாக விட்டுவிட்டுப் போவது நடைபாதை. அதில் சைக்கிளுக்கு உரிமை இல்லை. நீள நீளமாக விட்டுப் போவது பிரைடில்வே, அதாவது குதிரைத்தடம். 1968-ஆம் ஆண்டு வந்த கிராமப்புறச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, குதிரைத்தடங்களில் சைக்கிள் ஓட்டலாம் என்றது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலைச்சரிவில் பழைய சைக்கிள்களை உருட்டிவிட்டுப் பந்தயம் ஓடிய இளைஞர்களின் கையில் மலைச் சைக்கிள் உருவெடுத்தது எழுபதுகளில்தான். சட்டம் முந்திக்கொண்டது. ஆனால் சைக்கிளோடு மலை ஏறுகிற பித்து இங்கிலாந்தில் அதற்கும் பழையது. 1955-லேயே லெம்ஸ்டர் ஊரில் ஒரு மதுக்கடையில் கூடி 'ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்' என்ற கழகத்தைத் தொடங்கியிருந்தார்கள். மெல்லிய டயர் போட்ட சாதாரணப் பயணச் சைக்கிளை ஓட்டியும் தள்ளியும் தோளில் சுமந்தும் கரடுமுரடான கணவாய்களைக் கடந்தவர்கள் அவர்கள். அண்ணனுக்கு அவர்கள்மேல் தனி மரியாதை.

குதிரைத்தடம் என்று ஏன் வந்தது என்பதைச் சொன்னால்தான் அந்தப் பாதைகளின் குணம் புரியும். சக்கர வண்டி ஓடத் தக்க சாலைகள் 18-ஆம் நூற்றாண்டில் பெருகும்வரை, பென்னைன் மலைத்தொடரைக் கடந்து சரக்குப் போனது பெரும்பாலும் குதிரை முதுகில். செஷயரிலிருந்து உப்பு வந்தது. இங்கிருந்து கம்பளியும் ஈயமும் போயின. ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிய பொதிக்குதிரைகள். முன்னே போகும் குதிரையின் கழுத்தில் மணிகள். அவற்றை ஓட்டிச் சென்றவர்களை ஜாகர் என்பார்கள். ஈடேலுக்குக் கிழக்கே ஜாகர்ஸ் கிளஃப் என்று ஓர் ஓடை இருக்கிறது. தண்ணீருக்குள் இறங்கி, மறுகரையில் மூச்சு முட்ட ஏற வேண்டும். அதற்கு மேலே ரோமானியர் காலத்துப் பாதையின் மீது ஹோப் கிராஸ் என்ற கல்தூண். 1737 என்று பொறித்து, நான்கு முகத்திலும் நான்கு ஊர்களின் பெயர்: ஈடேல், கிளாசப், ஹோப், ஷெஃபீல்ட். பனிமூட்டத்தில் வழி தெரியாமல் நின்ற ஜாகருக்கு நட்ட கல், அதே பனிமூட்டத்தில் எங்களுக்கும் வழி சொல்லியிருக்கிறது.

நான் திண்டுக்கல்காரன். சிறுமலையில் வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் குதிரை முதுகில் இறங்குவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்தவன். பொதி சுமந்த குதிரை நேராக இறங்காது. கழுத்தைத் தாழ்த்தி, முன்னங்காலால் தரையைச் சோதித்து, நேற்று வைத்த இடத்திலேயே இன்றும் குளம்பை வைக்கும். செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் திரும்பி, வளைந்து வளைந்து இறங்கும். டெர்பிஷரில் நான் சைக்கிளோடு இறங்கிய பாதைகளின் வளைவுகளைப் பார்த்தபோது, இவை யார் போட்ட கோடு என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிதானிக்க வேண்டும் என்பதைக் குதிரைகள் முன்பே முடிவு செய்துவைத்திருக்கின்றன. அந்தக் கோட்டை நம்பி ஓட்டினால் சைக்கிளும் ஒழுங்காக இறங்கும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது கிண்டர் மலையைச் சுற்றும் வழி. "விடியவே வெளிக்கிடுவம்" என்று முதல்நாள் இரவு அண்ணன் சொல்லிவிடுவார். ஷெஃபீல்டில் முதல் ரயிலைப் பிடித்தால், ஐந்தரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான டாட்லி சுரங்கத்தின் இருட்டுக்குள் நுழைந்து, வெளியே வரும்போது வேறொரு நாட்டில் இருப்போம். நகரத்துச் செங்கல் வீடுகள் போய், ஆடுகளும் கல்சுவர்களும் வந்திருக்கும். ஈடேலில் இறங்கி பார்பர் பூத் வழியாக சாப்பல் கேட் ஏற்றம். பாதி ஓட்டி, பாதி தள்ளி ரஷப் விளிம்பில் ஏறிவிட்டால் அங்கிருந்து மேற்கே ராய்ச் பள்ளத்தாக்கு வழியாக ஹேஃபீல்ட் வரை ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும்.

ஹேஃபீல்டுக்கு வெளியே பௌடன் பிரிட்ஜ் என்ற இடத்தில் கைவிட்ட கல்குவாரி ஒன்று. அங்கே ஒரு நினைவுப் பலகை. 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு தொழிலாளர்கள் அங்கே கூடி, வேட்டைக்காக அடைத்துவைத்திருந்த கிண்டர் மலைமேல் அத்துமீறி ஏறினார்கள். மான்செஸ்டரின் ஆலைகளில் வாரம் முழுக்கப் புகை குடித்தவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மலைக்காற்று வேண்டியிருந்தது. மலையோ நிலப்பிரபுக்களின் கையில். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு அப்போது 20 வயது. ரயில் நிலையத்தில் காத்திருந்த போலீசுக்குப் போக்குக் காட்டிவிட்டு அவர் ஹேஃபீல்டுக்கு வந்து சேர்ந்தது சைக்கிளில். காவற்காரர்களோடு கைகலப்பு நடந்ததில் ஐந்து பேருக்குச் சிறை, இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை. எழுபது ஆண்டுகள் கழித்து, 2002-இல், அந்த நிலத்தைக் கட்டிக் காத்த குடும்பத்தின் வாரிசான டெவன்ஷர் கோமகன் அதே இடத்துக்கு வந்து தம் பாட்டனார் செய்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் பலகையின் முன்னால் நாங்கள் நிற்காமல் போனதில்லை. தண்ணீர் குடிக்க ஒரு சாக்கு. ஊரில் மலையென்றால் வனத்துறை, எஸ்டேட் என்று யாருடையதாகவோ இருக்கும். கேட்டுவிட்டுப் போக வேண்டும். இங்கே வருபவர்கள் கேட்காமல் போவதற்காகச் சிலர் சிறைக்குப் போயிருக்கிறார்கள். அந்த உரிமையும் முழுமையாக வந்துவிடவில்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த மேட்டுநிலங்களில் நடப்பவருக்கு வழிவிட்டது, சைக்கிளுக்கு விடவில்லை. அதனால்தான் 636 மீட்டர் உயரமுள்ள கிண்டர் உச்சியைச் சுற்றி வருகிறோமே ஒழிய மேலே ஓட்டுவதில்லை. எல்லைக்கு வடக்கே ஸ்காட்லாந்தில் 2003-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு ஓட்டுகிறவனுக்கு ஏறக்குறைய எல்லா மலையையும் திறந்துவிட்டது. இங்கிலாந்தும் அந்த வழிக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை, குதிரைக்குக் கிடைத்த உரிமையில்தான் எங்கள் சக்கரம் உருள்கிறது.

பௌடன் பிரிட்ஜிலிருந்து கோல்ட்வெல் கிளஃப் ஏற்றம். காற்று மேற்கிலிருந்து பலமாக அடிக்கும் நாட்களில் இடப்புறம் தொலைவில் கிண்டர் டவுன்ஃபால் அருவி கீழே விழாமல் மேல்நோக்கிச் சிதறுவதைப் பார்க்கலாம். வெள்ளைப் புகை எழுவதாகவே முதலில் நினைத்தேன். சிறிய கியரில், சீட்டின் நுனிக்கு நகர்ந்து, நெஞ்சை ஹேண்டில்பாரிடம் தாழ்த்தி மிதிக்க வேண்டும். கொஞ்சம் பின்னால் சாய்ந்தாலும் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். ரொம்பவும் முன்னால் சாய்ந்தால் பின்சக்கரம் சுழன்று சரளைக்கல்லை வாரி இறைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உடம்பு ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும். அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

உச்சியில் ஈடேல் கிராஸ், பழைய சிலுவைக் கல். அங்கே சீட்டைத் தாழ்த்திக்கொள்வோம். முழங்கால் கவசத்தை இழுத்துச் சரிசெய்வோம். முன்னே ஜேக்கப்ஸ் லேடர்.

இந்த இறக்கத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் தீராது. முதல் பகுதி அகலமானது, கல்சுவரை ஒட்டியே போகும். தரையெங்கும் தேங்காய் அளவுக் கற்கள். எதுவும் இடத்தில் நிற்காது. சக்கரம் பட்டவுடன் உருளும், அடுத்த கல்லில் இடிக்கும். கையால் பிடித்து நிறுத்தப் பார்க்கிறவன் இங்கே தோற்றுப்போவான். முழங்கையும் முழங்காலும் மடங்கியிருக்க, பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க, சைக்கிளைத் தன் போக்கில் ஆடவிட்டு உடம்பை மட்டும் நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப காலத்தில் எனக்குப் பின்னால் வந்துகொண்டே அண்ணன் கத்துவார்: "பிரேக்கில தொங்காதையும் தம்பி! வேகம் செத்தாக் கல்லு உம்மை விழுத்தும். கல்லைப் பாக்காதையும், கல்லுக்கு அங்கால பாரும்!" உண்மைதான். கண் எங்கே போகிறதோ அங்கேதான் சக்கரம் போகும். இடறும் கல்லை வெறித்துக்கொண்டிருந்தால் அதன்மேலேயே போய் ஏறுவோம்.

அடுத்து, குறுக்கே நட்டுவைத்த கல்வரிசைகள். மழைநீரைப் பாதையின் ஓரத்துக்குத் திருப்பிவிடும் வடிகால்கள் அவை. ஒவ்வொன்றையும் நெருங்கும்போது முன்சக்கரத்தைச் சற்றே தூக்கிவிட வேண்டும். நேராக மோதினால் டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி இரட்டை ஓட்டை விழும்; பாம்புக்கடி என்றே அதற்குப் பெயர். டியூப்லெஸ் டயரும் அதற்குள் ஊற்றும் சீலண்டும் வந்த பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஆனால் காற்றழுத்தம் இன்றும் ஓர் இக்கட்டுதான். இறுக்கமாக அடித்தால் சைக்கிள் கல்லுக்குக் கல் துள்ளும், பிடிப்பு போய்விடும். இளக்கமாக விட்டால் ரிம் அடிவாங்கும். புறப்படுமுன் கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பது அண்ணனின் வழக்கம். அளவுமானியை நான் எடுக்கும்போது அவர் அழுத்தி முடித்திருப்பார். இரண்டும் ஒத்துப்போகும்.

பிறகு பாதை பிரிகிறது. நடப்பவர்களுக்குப் படிக்கட்டு நேராக இறங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டில் மேலே ஈடேல் ஹெட்டில் பண்ணை வைத்திருந்த ஜேக்கப் மார்ஷல் என்பவர் அந்தப் படிகளை வெட்டியதாகச் சொல்கிறார்கள். குதிரை வளைந்து வளைந்து வரட்டும், நான் குறுக்கே இறங்கிக் கீழே காத்திருக்கிறேன் என்று. அதனால்தான் இந்தப் பெயர். எங்களுக்கு வாய்த்தது குதிரை போன வழி. வலப்பக்கமாக ஒதுங்கி, பாறையும் பள்ளமுமாக மலையின் பக்கவாட்டில் கொண்டை ஊசி போட்டு இறங்கும். இங்கே வேகத்துக்கு வேலையில்லை. வளைவின் வெளிவிளிம்பில் அகலமாக நுழைந்து, பார்வையை வளைவுக்கு அப்பால் திருப்பி, பின் பிரேக்கை இரண்டு விரலால் தடவி, முன் பிரேக்கைக் கல்லில்லாத அரை நொடியில் மட்டும் பிடித்து விட வேண்டும். ஒரு வளைவில், மேலிருந்து பார்த்தால் வழியே இல்லை என்று தோன்றும் பாறைத்திட்டு. அதன் இடது ஓரத்தில், ஒரு டயர் அகலத்துக்கு மட்டும் தேய்ந்த குழிவு ஒன்று உண்டு. அதில் சக்கரத்தை வைத்துவிட்டால் சைக்கிள் தானாக அடுத்த படிக்கு இறங்கும். அந்தக் குழிவை நான் கண்டுகொண்ட நாளில், இறங்கி முடித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பவும் மேலே ஏறிப் போய் அதைத் தொட்டுப் பார்த்தேன். விளிம்பெல்லாம் மழுங்கி, உள்ளே மட்டும் வழுவழுப்பாக இருந்தது.

அடியில் நோ ஆற்றின் தலைமடைமேல் சின்னஞ்சிறு கல்பாலம். பொதிக்குதிரைப் பாலங்களுக்குக் கைப்பிடிச்சுவர் மிகத் தாழ்வாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. குதிரையின் இருபுறமும் தொங்கும் பொதி இடிக்கக்கூடாதல்லவா. அங்கே நின்று பிரேக் டிஸ்கின் அருகே கையைக் கொண்டுபோனால் சூடு தெரியும். மழைநாளில் இன்னொரு செலவும் உண்டு. கிரிட்ஸ்டோன் அரைபட்ட மணல் தண்ணீரோடு குழைந்து பிரேக் பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே போய்விடும். காலையில் மாட்டிய புது பேட் மாலையில் தகடு தெரியத் தேய்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். டயரைக் கடித்துப் பிடிக்கும் அதே குவார்ட்ஸ்தான் பேடையும் தின்கிறது. உலோகத்தூள் கலந்த பேடுகள் சற்றுத் தாங்கும். அண்ணன் எப்போதும் ஒரு ஜோடியைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்.

சுண்ணாம்புக்கல் பக்கத்தில் எங்களைச் சோதித்தது கேவ்டேல். காசில்டன் ஊருக்குள் இறங்கும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. இடப்புறம் தலைக்குமேல் பெவரில் கோட்டையின் இடிபாடு. பார்க்க அழகு. ஓட்ட எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. நடுவே கசியும் தண்ணீரும் வழவழத்த கல்லும் சேர்ந்து, திறமைக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. நல்ல வெயில் காலத்தில், பல நாள் மழையில்லாத பிறகு மட்டும் போவோம். அங்கிருந்து மாம் டார் அடிவாரம் பக்கந்தான். அந்த மலையின் வயிற்றில் களிப்பாறை அடுக்குகள். தண்ணீர் இறங்கினால் சரியும். அதன் குறுக்கே போட்ட ஏ625 நெடுஞ்சாலையைத் திரும்பத் திரும்பப் பழுதுபார்த்து, கடைசியில் 1979-இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். இன்று அந்த உடைந்த சாலையில் ஏறினால், தார் பிளந்த இடத்தில் அடுக்கு அடுக்காக ஒவ்வொரு பழுதுபார்ப்பும் தெரியும். மஞ்சள் கோடு ஒன்று அந்தரத்தில் அறுந்து நிற்கும். பொறியியல் படித்தவன் என்ற முறையில் அந்த அடுக்குகளை நான் வெகுநேரம் பார்த்திருக்கிறேன்.

கட் கேட் முற்றிலும் வேறு அனுபவம். லாங்செட்டிலிருந்து டெர்வென்ட் பள்ளத்தாக்குக்கு மேட்டுநிலத்தைக் கடந்து போகும் பழைய சந்தை வழி. டெர்வென்ட் பக்கத்து விவசாயிகள் பெனிஸ்டன் சந்தைக்கு ஆடு ஓட்டிப் போனது இதில்தான். இங்கே சவால் கல் அல்ல, கரிச்சேறு. பீட் என்னும் அந்தக் கறுப்பு மண், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அழுகி முடியாத பாசியின் படிவு. தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே பார்க்கக் கெட்டித்தரை. சக்கரம் அச்சுவரை இறங்கும். சைக்கிளை வெளியே இழுக்கும்போது அந்தச் சேறு விடாமல் பிடித்து, பெரிய முத்தச் சத்தத்தோடு விடும். ஆகஸ்ட் மாதம் ஹெதர் பூத்து மலையே ஊதாவாகிக் கிடக்கையில், பல வாரம் வெயில் அடித்த பிறகு போக வேண்டும். இல்லையென்றால் சனவரியில், தரை உறைந்து இரும்பான நாளில். அப்போது வெள்ளை ரோமம் போர்த்திய மலைமுயல்கள் பாதையைக் குறுக்கே கடந்து ஓடும்.

நடுத்தரமான ஈர நாட்களில் அங்கே போகாதிருப்பது ஒரு மரியாதை. சேற்றைத் தவிர்க்க ஆளுக்கு ஆள் ஓரத்தில் ஒதுங்கி ஓட்டினால், ஓரடிப் பாதை ஒரே ஆண்டில் வண்டிப்பாதையாகிவிடும். ஏற்கெனவே அந்த மேடு நொந்த மேடு. மான்செஸ்டரும் ஷெஃபீல்டும் நூறாண்டுகளுக்கு மேல் கக்கிய கந்தகப் புகை, பீட்டை உருவாக்கும் ஸ்பாக்னம் பாசியைக் கொன்று, நிலத்தை மொட்டையாக்கிவிட்டது. 2003-இல் தொடங்கிய 'மூர்ஸ் ஃபார் த ஃபியூச்சர்' அமைப்பினர் அந்தப் பாசியைத் திரும்ப நட்டுவருகிறார்கள். ஈடேலில் தொடங்கும் பென்னைன் வே நடைபாதையில், இடித்த பஞ்சாலைகளின் தரைக்கற்களை ஹெலிகாப்டரில் தூக்கிவந்து சேற்றின்மேல் பதித்திருக்கிறார்கள். மலையைக் கெடுத்த ஆலைகளின் கற்களே இன்று மலையைத் தாங்கிக் கிடப்பதைப் பார்க்க எனக்கு ஒரு நிறைவு. கட் கேட்டின் மிக மோசமான சேற்றுப்பகுதியைச் செப்பனிட சைக்கிள் ஓட்டிகளும் மலையேறிகளும் கைக்காசு போட்டார்கள். நானும் போட்டேன்.

மறுபக்கம் இறங்கினால் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ். அங்கே நிற்கும் பொதிக்குதிரைப் பாலம் அந்த இடத்தில் பிறந்ததல்ல. கீழே டெர்வென்ட் கிராமத்தில் இருந்தது. லேடிபவர் நீர்த்தேக்கம் கட்டியபோது அந்தக் கிராமமும் ஆஷப்டன் கிராமமும் தண்ணீருக்குள் போயின. மாதாகோயிலின் கோபுரம் மட்டும் நீருக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் 1947-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாலத்தை மட்டும் முன்கூட்டியே கல் கல்லாக எண் போட்டுக் கழற்றி வைத்து, 1959-இல் மேலே கொண்டுவந்து மறுபடி கட்டினார்கள். முதல்முறை இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அண்ணன் பாலத்தின்மேல் சைக்கிளை நிறுத்தி, வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. விட்டுவந்த ஊர் அவருக்கும் உண்டு. பிறகு, "ஒரு பாலத்தையாவது காப்பாத்தினவங்கள்" என்றார்.

இவ்வளவையும் சொல்வது ஒரு காரணத்தோடுதான். ஒரு குளிர்காலம் முடிந்து, எங்களுக்குப் பழகிய ஓர் இறக்கத்துக்குப் போனபோது பாறைப் படிகளைக் காணோம். மேலே லாரி லாரியாக ஜல்லியைக் கொட்டி, உருளையால் மட்டப்படுத்தி, பூங்காவில் போடும் பாதைபோல ஆக்கியிருந்தார்கள். பராமரிப்பு என்று பெயர். எனக்கு நெஞ்சு அடைத்தது. எத்தனையோ நூற்றாண்டுக் குளம்பும் மழையும் செதுக்கிய படிகளை ஒரு வாரத்தில் மூடிவிட்டார்கள். வயதானவர்களுக்கும் குதிரைகளுக்கும் இதுதான் பாதுகாப்பு என்றார்கள். குதிரை வைத்திருக்கும் ஒரு அம்மாள் எங்களோடு நின்று அதைப் பார்த்துவிட்டு, உருளும் ஜல்லியில்தான் தன் குதிரை பயப்படுகிறது, பாறையில் அதற்குக் கால் நிற்கும் என்றார். அடுத்த மழைக்காலத்தில் ஜல்லி பெரும்பகுதி அடித்துக்கொண்டு போய்க் கீழே வயலில் குவிந்தது. நடுவில் முழங்கால் ஆழத்துக்கு நீரோட்டம் அறுத்த பள்ளம். செங்குத்தான சரிவில் உதிரிக்கல் நிற்காது என்பதை அந்த மலையில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

பாதையைப் பராமரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேறொரு சரிவில் தன்னார்வலர்களோடு சேர்ந்து கடப்பாரை பிடித்திருக்கிறேன். அதே மலையின் பெரிய கற்களை எடுத்து, தட்டையாகப் போடாமல் செங்குத்தாக மண்ணில் இறக்கி, ஒன்றோடொன்று நெருக்கிச் செருகுவார்கள். மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள்; மேலே தெரிவது நுனி மட்டும். இடுக்குகளில் சிறுகல்லைச் சுத்தியால் அடித்து இறுக்குவார்கள். மேலே ஒரு வடிகாலைச் சரியான கோணத்தில் போட்டுவிட்டால் தண்ணீர் பாதையை விட்டு விலகும், பாதை தன்னைத் தானே காத்துக்கொள்ளும். நாள் முழுக்கப் பாடுபட்டால் சில கஜம் முடியும். அந்தக் கற்களின்மேல் ஓட்டுவது சுலபமல்ல. சுலபமாக்க வேண்டிய தேவையும் இல்லை. சுலபமான பாதைகள் பள்ளத்தாக்கில், மூடிப்போன ரயில் தடங்களில், நீர்த்தேக்கங்களின் கரைகளில் வேண்டிய மட்டும் இருக்கின்றன. குழந்தைகளோடு நானும் அங்கே போகிறேன். மேலே இருக்கும் கடினத்தை மட்டும் விட்டுவையுங்கள் என்றுதான் கேட்கிறேன். அது போய்விட்டால் இறங்குகிறவன் கற்றுக்கொள்ள அங்கே ஒன்றும் மிஞ்சாது.

அண்ணன் இப்போது மூட்டுவலியால் பெரிய இறக்கங்களுக்கு வருவதில்லை. வரைபடத்தில் விரலோட்டுவதை விடவில்லை. ஷெஃபீல்டுக்குப் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர், பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு எங்களிடம் வழி கேட்டு வருகிறார்கள். முதலில் டெர்வென்ட் நீர்த்தேக்கக் கரையில் ஓட்டச் சொல்கிறோம். பிறகு ஹோப் கிராஸ், ஜாகர்ஸ் கிளஃப். பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கக் கை பழகிய பிறகு, காய்ந்த ஒரு நாளில் ஜேக்கப்ஸ் லேடர். நடப்பவர்கள் ஏறி வந்தால் சைக்கிளை ஓரம்கட்டி நின்றுவிட வேண்டும். பெரும்பாலும் அவர்களும் நின்று, நீங்கள் இறங்குவதைப் பார்க்கிறோம் என்பார்கள். ஆட்டுப்பட்டிக் கதவைத் திறந்தால் கொண்டியைப் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். உதிரி பேட் ஒரு ஜோடி, டியூப் ஒன்று, செயின் கழற்றும் கருவி, மழைச்சட்டை. போன வாரம் வந்த பெண் ஒருத்தி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "அந்தப் பாறைக் குழிவு எந்த வளைவுல இருக்குண்ணே?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்: "அதை நீர்தான் போய்க் கண்டுபிடிக்கவேணும், பிள்ளை."